இருட்டு றோட்டுக்கு ஹெட் லைற்: பல்ப் வாங்க முதல் பாக்கவேண்டிய வேலையள்

முதல்லயே சொல்லிப்போடுறன், எல்.ஈ.டி பல்ப் வாங்கக் கடைக்கு வெளிக்கிட்டு நிக்கிறீங்கள் எண்டால் கொஞ்சம் நில்லுங்கோ. வாங்கவேண்டாம் எண்டு சொல்லேல்லை, கடைசியா வாங்குங்கோ எண்டுதான் சொல்லுறன். நான் எல்லாத்தையும் தலைகீழாச் செய்து காசையும் கரியாக்கி ஒரு பல்ப் ஹோல்டரையும் உருக்கிப்போட்டுத்தான் இப்ப இதை எழுதுறன்.

என்ர ஓட்டம் என்னெண்டால் வேலை யாழ்ப்பாணம் ரவுணுக்க, வீடு நெல்லியடிப் பக்கம், வேலை முடிஞ்சு வெளிக்கிட இரவு ஒன்பது பத்தாகும். கோப்பாய், நீர்வேலி, புத்தூர் மட்டும் கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் எண்டு ஏதோ ஒண்டு இருக்கும், ஆவரங்கால் தாண்டி வல்லை வெளிக்குள்ள இறங்கினா அவ்வளவுதான், ரெண்டு பக்கமும் வெளி, காத்து, தண்ணி, உங்கட ஹெட் லைற் மட்டும்தான். உதே கதைதான் நாவற்குழியால சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிக்குப் போற றோட்டும், வேலணையில இருந்து புங்குடுதீவுக்குப் போற வாணர் பாலமும், பொன்னாலைப் பாலமும், மருதங்கேணிப் பக்கமும். இந்த றோட்டுகளில உங்களுக்கு முன்னால வாறது என்னெண்டு பாருங்கோ: கட்டாக்காலி மாடு நடு றோட்டில படுத்து அசை போடும், கறுத்த மாடெண்டால் கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது, லைற் இல்லாத சைக்கிள், பின் லைற் இல்லாத லாண்ட் மாஸ்டர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) இழுக்கிற பெட்டி, நாய், றோட்டுக் கரையில ஃபோனைப் பாத்துக்கொண்டு நடக்கிற பொடியன். வெளிநாட்டு வீடியோவில காட்டுற நெடுஞ்சாலைக் கதை எங்களுக்குச் சரிவராது.

ஒரு சின்னக் கணக்கு மட்டும் மண்டைக்குள்ள வச்சிருங்கோ, மிச்சமெல்லாம் அதில இருந்துதான் வருது. 60 கிலோமீற்றர் வேகத்தில போனா ஒரு செக்கனுக்கு 16, 17 மீற்றர் ஓடுவீங்கள். மாட்டைக் கண்டு, அது மாடுதான் எண்டு விளங்கி, பிரேக்கில கால் போக ஒண்டரைச் செக்கன் எண்டு வையுங்கோ, அதுக்குள்ள 25 மீற்றர் போச்சு. பிறகு பிரேக் பிடிச்சு நிக்க காய்ஞ்ச றோட்டில இன்னும் ஒரு 20 மீற்றர். மொத்தம் 45. அதே 80இல போனா கிட்டத்தட்ட 70 மீற்றர் வேணும். டிம் லைற்றில, அதாவது கீழ பாத்து விழுற கிட்ட வெளிச்சத்தில, ஒரு கறுத்த மாடு 50 மீற்றரில தெரிஞ்சாலே பெரிய காரியம். அப்ப எங்களுக்கு வேணுமானது பொனற்றுக்கு முன்னால பகல் மாதிரிப் பளிச்செண்ட வெளிச்சமில்லை, தூரத்தில விழுற வெளிச்சம். இது ரெண்டும் ஒண்டெண்டு நினைச்சுத்தான் முக்கால்வாசிப் பேர் காசைக் கொண்டுபோய்க் கொட்டுறது. உண்மையில கிட்டத்தில கனக்க வெளிச்சம் விழுந்தா கண்மணி சுருங்கிப்போய் தூர இருக்கிறது இன்னும் தெரியாமப் போகும், ஆனா ஓடுறவருக்கு "ஆகா நல்ல வெளிச்சம்" எண்ட மாதிரித்தான் இருக்கும். அதுதான் இதில இருக்கிற பேய்க்காட்டு.

சரி, வேலைக்கு வருவம். காசு செலவில்லாததில தொடங்குவம்.

கார் முன் கண்ணாடியை உள்பக்கத்தால துடைச்சுக் கனகாலம் எண்டால் இண்டைக்கே துடையுங்கோ. வெளிப்பக்கம் எல்லாரும் கழுவுவினம், உள்பக்கம் டாஷ்போர்ட் பிளாஸ்ரிக் வெயிலில காய்ஞ்சு ஒரு எண்ணைப் படலம் மாதிரிப் படிஞ்சிருக்கும், பகலில தெரியாது, எதிரால ஒரு டிப்பர் வந்தாத்தான் கண்ணாடி முழுக்க வெள்ளையாப் போகும். கொஞ்சம் சவர்க்காரத் தண்ணி, பிறகு நல்ல தண்ணி, பிறகு பழைய பேப்பர். மூக்குக் கண்ணாடி போடுறவை அந்தக் கண்ணாடியையும் சேத்துத் துடையுங்கோ. டாஷ்போர்ட் லைற்றைக் குறைச்சு விடுங்கோ. ஃபோனை ஸ்ராண்டில முழு வெளிச்சத்தில வச்சுக்கொண்டு ஹெட் லைற் காணாது எண்டு சொல்லுறதில அர்த்தமில்லை. ஐம்பது தாண்டின ஆக்கள், எதிர் லைற்றைச் சுத்தி வளையம் வளையமாத் தெரியுது எண்டால் கராஜுக்கு முதல் கண் டொக்டரிட்டப் போங்கோ, எங்கட பெரியப்பா மூண்டு பல்ப் மாத்தினவர், கடைசியில பாத்தா கண்ணில வெண்புரை.

அடுத்தது ஹெட் லைற்றின்ர முன் மூடி. 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 மாசியிலதான் கார்களைத் திரும்ப விட்டவங்கள், அதால எங்கட றோட்டில ஓடுறதில முக்கால்வாசி பழைய வாகனம், வெயிலில நிண்டு நிண்டு மூடி மஞ்சளாகி, கண்ணில பூ விழுந்த மாதிரிக் கிடக்கும். இது பொலிகாபனேற் பிளாஸ்ரிக், மேல ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும், வெயில் அந்தப் பூச்சைத் தின்னுறதாலதான் மஞ்சளாகிறது. மஞ்சள் மூடி வெளிச்சத்தைக் குறைக்கிறது மட்டுமில்லை, சிதறடிக்கும், அதாவது உங்களுக்கும் தெரியாது எதிரால வாறவருக்கும் கண் கூசும். ரூத்பேஸ்ற் போட்டு உரஞ்சிற வீடியோ பாத்திருப்பீங்கள், அது பளபளக்கும், உண்மைதான், ஆனா ரெண்டு மூண்டு மாதத்தில திரும்ப மஞ்சள், ஏனெண்டால் மிச்சம் சொச்சமாக் கிடந்த பூச்சையும் நீங்கள் உரஞ்சி எடுத்துப்போட்டியள்.

செய்யிறதெண்டால் வடிவாச் செய்யுங்கோ. சுத்திவர பெயின்ற்றுக்கு மாஸ்கிங் ரேப் ஒட்டி, வோட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கிற மண் கடதாசி) 800 அல்லது 1000த்தில தொடங்கி, பிறகு 2000, பிறகு 3000, எல்லாம் தண்ணி விட்டு விட்டு, ஒவ்வொரு பேப்பருக்கும் போட்ட கோட்டுக்குக் குறுக்கால அடுத்ததைத் தேயுங்கோ, முதல் பேப்பர் தேய்க்கேக்க மஞ்சள் பால் மாதிரி வடியும், அது வடியிறது நிக்கும் வரைக்கும் அடுத்த பேப்பருக்குப் போகவேண்டாம். தேய்ச்சு முடிய மூடி முந்தியை விட மோசமா, பால் கண்ணாடி மாதிரி நிக்கும், பயப்படாதேங்கோ, கட் அண்ட் பொலிஷ் கொம்பவுண்ட் போட வெளிக்கும். வெளிச்சுப்போட்டுது எண்டு அதோட விட்டா ரூத்பேஸ்ற் கதைதான். கடைசியா யூ.வி பாதுகாப்புள்ள கிளியர் (நிறமில்லாத பூச்சு) அடிக்கவேணும், பெயின்ற் பாஸ் ஒருத்தரிட்டக் குடுத்து ரெண்டு சாமானை மிக்ஸ் பண்ணி அடிக்கிற கிளியரா அடிப்பிச்சா வருசக்கணக்கா நிக்கும். உள்பக்கத்து வெள்ளி ரிஃப்ளெக்டர் மங்கிப்போச்செண்டால் அதுக்கு மருந்தில்லை, துணி விட்டுத் துடைச்சா வெள்ளி கையோட வரும், லைற்றையே மாத்தவேண்டியதுதான். மாத்தேக்க ஒண்டைக் கவனியுங்கோ, நாங்கள் இடப்பக்கம் ஓடுற ஆக்கள், ஜப்பானும் அப்பிடித்தான், அதால ஜப்பான் லைற் எங்களுக்குச் சரி. துபாய் வழியா வாற, வலப்பக்கம் ஓடுற நாட்டு வாகனத்தின்ர லைற் ஒண்டை மலிவெண்டு வாங்கிப் பூட்டினா அதின்ர வெளிச்சம் வலப்பக்கமா எழும்பும், நேர எதிரால வாறவன்ர முகத்துக்கு.

இப்ப வாறதுதான் ஒருத்தரும் பாக்காத இடம், எனக்கு இதிலதான் கூடுதல் விருப்பம். கரண்ட்.

ஹலஜன் பல்ப், அதாவது உள்ள கம்பி சூடாகி எரியிற சாதாரண ஹெட் லைற் பல்ப், சரியான பிடிவாதக்கார சாமான். வோல்ற் பத்து வீதம் குறைஞ்சா வெளிச்சம் பத்து வீதம் குறையாது, முப்பது வீதத்துக்குக் கிட்டக் குறையும். பல்ப் செய்யிறவன் சொல்லுற லூமன் (வெளிச்ச அளவு) கணக்கு 13.2 வோல்ற்றில எடுத்தது, உதாரணமா எச்4 எண்ட இனப் பல்ப் எண்டால் ஹை பீம் (தூர வெளிச்சம்) 1650, டிம் 1000. உங்கட பல்ப்புக்கு 12 வோல்ற்தான் போகுதெண்டால் கால்வாசிக்கு மேல வெளிச்சம் வயருக்குள்ளயே செத்துப்போச்சு. ஏன் குறையுது எண்டால் பற்றறியில இருந்து கரண்ட் ஸ்ரியரிங் அடியில இருக்கிற சுவிச்சுக்குப் போய், மெல்லிய வயரால திரும்பி முன்னுக்கு வந்து, பிறகு கார் பொடியில (இரும்பு உடலில) பூட்டின எர்த் வயரால திரும்பிப் போகவேணும், இருபது வருசப் பழசில ஒவ்வொரு பூட்டிலயும் கொஞ்சம் கொஞ்சமாத் திண்டுபோடும். அதோட எங்கட உப்புக் காத்து. தீவுப்பக்கம், காரைநகர், பருத்தித்துறைக் கடற்கரையில நிக்கிற வாகனங்களில எர்த் வயர் பூட்டின இடத்தைக் கழட்டிப் பாத்தா பச்சையும் கறளுமாக் கிடக்கும்.

சோதிக்கிறது லேசு. ஒரு மல்ரி மீற்றர் காணும். எஞ்சினை ஸ்ராட் பண்ணி லைற்றைப் போட்டுட்டு முதல்ல பற்றறியில அளவுங்கோ, 13.5க்கும் 14.5க்கும் இடையில எங்கயாவது வரும், வரேல்லை எண்டால் ஓல்ற்றனேற்றர் இல்லாட்டிப் பற்றறியில வேலை இருக்கு, அதை முதல் பாருங்கோ. பிறகு பல்ப் பூட்டினபடி, எரிஞ்சுகொண்டிருக்கவே, கொனெக்ரருக்குப் பின்னால ஊசி மாதிரி விட்டு பல்ப்பில அளவுங்கோ. பல்ப்பைக் கழட்டிப்போட்டு அளக்கவேண்டாம், இழுவை இல்லாதபடியா முழு வோல்ற்றும் காட்டி உங்களைப் பேய்க்காட்டும். பற்றறிக்கும் பல்ப்புக்கும் அரை வோல்ற்றுக்கு மேல வித்தியாசம் எண்டால் வேலை இருக்கு. எங்கட வீட்டு அல்ற்றோக் காரில பற்றறியில 13.9, வலப்பக்க பல்ப்பில 12.5, இடப்பக்கம் 12.1. இடம் எப்பவும் மங்கலா இருக்கெண்டு நான் ரெண்டு முறை பல்ப் மாத்தினனான், பாத்தா எர்த். அந்த நட்டைக் கழட்டி, பொடியில பெயின்ற்றையும் கறளையும் மண் கடதாசியால உரஞ்சி இரும்பு தெரிய வச்சு, திரும்ப இறுக்கி, மேலால கொஞ்சம் வஸ்லீன் பூசிவிட 12.7 வந்திட்டுது. செலவு ஒரு சதமுமில்லை.

மிச்சத்துக்கு ரிலே, அதாவது சின்னக் கரண்டால பெரிய கரண்டைப் போட்டு நூக்கிற சுவிச். டிம்முக்கு ஒண்டு, ஹை பீமுக்கு ஒண்டு, ரெண்டு ரிலே. கதை என்னெண்டால் பழைய வயரும் சுவிச்சும் இனி லைற்றை எரிக்காது, ரிலேயை மட்டும் தட்டிவிடும், லைற்றுக்கு வேணுமான கரண்ட் பற்றறியில இருந்து மொத்த வயரால நேர வரும். ரிலேயில 30 எண்டு போட்ட காலுக்கு பற்றறி, 87க்கு பல்ப், 85, 86 ரெண்டும் பழைய ஹெட் லைற் வயரில இருந்து. எச்4 ஹை பீம் ஒண்டு 60 வாற்ஸ், ரெண்டும் சேந்தா ஒரு 10 அம்பியர் இழுக்கும், 2.5 சதுர மில்லிமீற்றர் வாகன வயர் காணும், வீட்டு வயரிங்கில மிஞ்சின துண்டைக் கொண்டுவந்து பூட்டவேண்டாம், எஞ்சின் சூட்டுக்கும் ஆட்டத்துக்கும் அது நிக்காது. பியூஸ் 20 அம்பியர், பற்றறிக்குக் கிட்டப் போடுங்கோ, லைற்றுக்குக் கிட்டப் போட்டுப் பிரயோசனமில்லை, இடையில வயர் உரஞ்சுப்பட்டுப் பொடியில தட்டினா நெருப்புப் பிடிக்கிறது பியூசுக்கு முந்தின துண்டுதான். எல்லாம் பூட்டி ரெடியா வாற ஹார்னஸ் விக்கினம், அதை வாங்கினா அரை நாள் வேலை. ஒண்டு மட்டும் கவனம், பழைய ஜப்பான் கார் சிலதில சுவிச் பிளஸ் பக்கமில்லை, எர்த் பக்கம் இருக்கும், அதுக்கு சாதாரண ஹார்னஸ் போட்டா வேலை செய்யாது, அல்லது டிம்மும் ஹையும் குழம்பும். லைற்றை நூத்துப்போட்டு கொனெக்ரரில மீற்றரை வச்சுப் பாத்தா விளங்கும், நூந்திருக்கேக்கயும் 12 வோல்ற் நிக்குதெண்டால் அது எர்த் சுவிச். பூட்டினாப் பிறகு எனக்கு ரெண்டு பக்கமும் 13.5. அதே பழைய 55 வாற்ஸ் பல்ப். வல்லை வெளியில முதல் நாள் இரவு ஓடேக்க நான் பல்ப் மாத்தினதெண்டு நினைச்ச ஆக்கள் இருக்கினம்.

புது வாகனம், ஹைபிரிட் எண்டால் இந்த வேலைக்குப் போகவேண்டாம். அதுகளில லைற்றைக் கொம்பியூட்டர் பாத்துக்கொண்டிருக்கும், வயரை வெட்டினா வேற வில்லங்கம் வரும், ஹைபிரிட்டில செம்மஞ்சள் நிற வயர் கண்டா அது ஹை வோல்ற்றேஜ், கைவைக்கிற சோலியே வேண்டாம்.

இனி நான் ஹோல்டர் உருக்கின கதை. ரிலே எண்ட சாமான் இருக்கெண்டே தெரியாத காலம், ஒரு கடையில போய் வெளிச்சம் காணாது எண்டு சொல்ல, 100/90 வாற்ஸ் பல்ப் ஒரு சோடியை எடுத்துத் தந்து "ஒரு பிழையும் வராது, கொண்டுபோய்ப் பூட்டுங்கோ" எண்டவை. பூட்டின அண்டைக்கு உண்மையில நல்ல வெளிச்சம். ரெண்டு கிழமையில வல்லைப் பாலத்தடியில ஒரு பிளாஸ்ரிக் எரியிற மணம், கரையில நிப்பாட்டிப் பொனற்றைத் திறந்தா இடப்பக்க ஹோல்டர் மெழுகுதிரி மாதிரி வழிஞ்சு போய்க்கிடக்கு. கணக்குப் பாத்தா விசயம் லேசு, 60 வாற்ஸுக்கு எண்டு விட்ட வயரில 100 வாற்ஸ் இழுத்தா வயர் சூடாகும், சூடாக வோல்ற் இன்னும் குறையும், அப்ப அந்தக் கூடின வாற்ஸில பாதி வயரைச் சூடாக்கத்தான் போச்சு. மீதி வழி ஒற்றை லைற்றோட வந்தன், எதிரால வாறவை மோட்டச்சைக்கிள் எண்டு நினைச்சு நடு றோட்டுக்கு வருவினம், அந்தப் பயத்தைச் சொல்லி வேலையில்லை.

வோல்ற் சரி எண்டால் அடுத்தது லைற்றை நேராக்கிறது. ஒருத்தரும் செய்யாத வேலை, ஆனா இதிலதான் தூரம் இருக்கு. உங்கட லைற்றின்ர நடு நிலத்தில இருந்து 65 சென்ரிமீற்றர் உயரம் எண்டு வையுங்கோ. டிம் வெளிச்சத்தின்ர மேல் கோடு 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் இறங்குதெண்டால் அது நிலத்தைத் தொடுறது 65 மீற்றரில. அதே 20 சென்ரிமீற்றர் இறங்கினா 32 மீற்றரில முடிஞ்சுது. பாத்தியளே, மதிலில ஒரு பத்து சென்ரிமீற்றர் பிழை, றோட்டில பாதித் தூரம் போச்சு. எதிர்ப்பக்கமாப் பத்து சென்ரிமீற்றர் கூடினா கோடு கீழ இறங்காமலே போகும், வாற போற எல்லாருக்கும் கண்ணைக் குத்தும்.

செய்ய ஒரு மட்டமான இடம் வேணும், எங்கட ஒழுங்கை மணலில ஏலாது, நான் நெல்லுக் காயப்போடுற சீமெந்துத் தளம் ஒண்டில, முன்னுக்கு மதில் இருந்த இடத்தில செய்தனான். ரயர் காத்தைச் சரியா அடிச்சுக்கொள்ளுங்கோ, அரை ராங்க் பெற்றோல், சாரதி சீற்றில ஒராள் இருக்கட்டும். காரை மதிலுக்குக் கிட்டக் கொண்டுபோய் ரெண்டு லைற்றின்ர நடுவுக்கும் நேர மதிலில ரேப்பால ஒரு சிலுவை மாதிரி ஒட்டுங்கோ. பிறகு நேர பின்னுக்கு எடுத்து லைற்றில இருந்து 10 மீற்றரில நிப்பாட்டுங்கோ, ரேப் பிடிச்சு அளவுங்கோ, கண் மட்டம் வேண்டாம். சிலுவையில இருந்து 10 சென்ரிமீற்றர் கீழ ஒரு நீட்டுக் கோடு ஒட்டி, டிம்மைப் போட்டு, ஒரு லைற்றை மட்டையால மறைச்சுக்கொண்டு மற்றதைப் பாருங்கோ. மேல் விளிம்பு அந்தக் கோட்டில நிக்கவேணும், நடுவில இருந்து இடப்பக்கமாக் கொஞ்சம் மேல எழும்பும், அது எங்கட பக்க றோட்டுக் கரையைக் காட்டுறதுக்கு, அதைக் கண்டு பிழையெண்டு இறக்கிப்போடாதேங்கோ. லைற்றுக்குப் பின்னால ரெண்டு ஸ்குரூ இருக்கும், ஒண்டு மேல கீழ, மற்றது பக்கவாட்டு, கால் சுத்துக் கால் சுத்தாத் திருப்புங்கோ. சில கார்களில அது பிளாஸ்ரிக் பல்லுச் சக்கரம், காய்ஞ்சு போயிருக்கும், பலம் குடுத்தா உடையும்.

பாரம் ஏத்திற வாகனம் எண்டால் வேற கதை. பின்னுக்கு ஆளும் மூட்டையும் ஏற முன்பக்கம் எழும்பும், லைற்றும் எழும்பும். கலியாண வீட்டுக்கு ஆக்களை ஏத்திக்கொண்டு போற ஹையேஸ் வான் எதிரால வரேக்க டிம் போட்டும் ஏன் கண்ணைக் குத்துது எண்டால் இதுதான் காரணம், சாரதியில பிழையில்லை. சுவிச்சுக்குப் பக்கத்தில 0, 1, 2, 3 எண்டு ஒரு சின்னச் சக்கரம் இருந்தா அது இதுக்குத்தான், பின்னுக்குப் பாரம் எண்டால் நம்பரைக் கூட்டுங்கோ, வெளிச்சம் இறங்கும். கனபேர் அது என்னத்துக்கெண்டு தெரியாமலே காரை வித்தும் போட்டினம்.

இவ்வளவும் முடிச்சிட்டு இன்னும் காணாது எண்டால், இப்ப பல்ப்புக்கு வருவம்.

உங்கட பல்ப் என்ன இனம் எண்டு முதல் பாருங்கோ, எச்4, எச்7, எச்11, எச்.பி3, எச்.பி4 எண்டு பல்ப் அடியிலயே அடிச்சிருக்கும். மாருதி 800, அல்ற்றோ மாதிரியானதுகளில எச்4, ஒரே பல்ப்புக்குள்ள ரெண்டு கம்பி. மாமாவின்ர மொறிஸ் மைனர் மாதிரி ஏழு அங்குல வட்ட சீல்ட் பீம் (பல்ப்பும் கண்ணாடியும் ஒண்டாச் சேத்து மூடின லைற்) வச்சிருக்கிற ஆக்கள் உண்மையில அதிஷ்டசாலியள், அந்த அளவில பல்ப் கழட்டிப் பூட்டக்கூடிய எச்4 லைற் நேர பூட்டலாம், பழைய சீல்ட் பீமோட ஒப்பிட்டா இரவும் பகலும் மாதிரி.

ஹலஜனிலயே நல்லது வேணுமெண்டால் ஒஸ்ராம், பிலிப்ஸ் போல கொம்பனியளின்ர கூடின வெளிச்சப் பல்ப் இருக்கு, 130, 150 வீதம் கூட எண்டு பெட்டியில போட்டிருக்கும். அது மொத்தமா அவ்வளவு கூட எண்டு அர்த்தமில்லை, கம்பியை நெருக்கிச் சுத்தி தூரத்தில விழுற இடத்தைக் கூட்டியிருக்கினம், எங்களுக்கு வேணுமானதும் அதுதான். ஆனா ஆயுசு குறைவு, ரிலே போட்டு முழு வோல்ற் குடுத்தா இன்னும் கெதியாப் போகும், அதால ஒரு சோடி பழைய பல்ப்பைக் கார் லாச்சிக்குள்ள போட்டுவையுங்கோ. நீலக் கண்ணாடி பல்ப் வாங்கவேண்டாம், நீலம் பூசினா வெளிச்சத்தை வடிகட்டிக் குறைக்கிறதுதான் நடக்கும், வெள்ளையாத் தெரியிறது வேற, கூட வெளிச்சம் வேற. பூட்டேக்க பல்ப் கண்ணாடியில விரல் படக்கூடாது, விரல் எண்ணை பட்ட இடம் கூடச் சூடாகிப் பல்ப் கெதியாப் போகும், பட்டிட்டா ஸ்பிரிற்றால துடையுங்கோ. மாத்தினா சோடியா மாத்துங்கோ.

இப்ப எல்.ஈ.டி. பெட்டியில 20000 லூமன் எண்டு போட்டிருந்தாச் சிரிச்சுப்போட்டு வையுங்கோ, இந்த இனப் பல்ப்பில ஒரு வாற்ஸுக்கு நூறு லூமன் சொச்சம் வந்தாலே நல்ல சாமான், 20 வாற்ஸ் இழுக்கிற பல்ப்பில ரெண்டாயிரத்துக்குக் கிட்ட வரும், அதுவும் சூடாக முதல். லூமனை விடப் பெரிய விசயம் இடம். உங்கட ரிஃப்ளெக்டரை ஒருத்தன் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறது அந்த ஹலஜன் கம்பி இருக்கிற அதே புள்ளிக்கு. எல்.ஈ.டி துண்டு அந்த இடத்தில இருந்து ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் தள்ளினாலோ, தகடு தடிப்பா இருந்தாலோ, வெளிச்சம் கண்டபடி சிதறும், பனை வட்டெல்லாம் பகல் மாதிரித் தெரியும், றோட்டில ஒண்டும் இராது. அதால வாங்கேக்க ரெண்டு துண்டுக்கும் இடையில தகடு மெல்லிசா இருக்கிறதைப் பாருங்கோ, பூட்டேக்க துண்டு ரெண்டும் இடமும் வலமும், மணிக்கூட்டில மூண்டும் ஒன்பதும் மாதிரி நிக்கவேணும், மேல கீழ நிண்டால் பிழை, பின்பக்கக் கழுத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம். பின்பக்க ஃபானுக்கு இடம் வேணும், ரப்பர் மூடியை வெட்டித் திறந்துவிட்டா கோடையில செம்மண் தூசி, மாரியில தண்ணி, ரெண்டும் உள்ள போகும்.

பூட்டினாப் பிறகு நம்பிக்கையான ஒரே சோதினை அந்த மதில்தான். ஹலஜன் இருக்கேக்க மதிலின்ர படத்தை ஃபோனில எடுத்து வையுங்கோ, எல்.ஈ.டி போட்டு அதே இடத்தில திரும்ப எடுங்கோ. மேல் கோடு அதே மாதிரிக் கூராத் தெரிஞ்சா வைச்சுக்கொள்ளுங்கோ, கோட்டுக்கு மேல வெள்ளையாப் புகை மாதிரி ஏறினா திருப்பிக் குடுங்கோ. உருண்டைக் கண்ணாடி வச்ச புரொஜெக்ரர் லைற்றில கோடு தப்பிப் பிழைக்கும், சாதாரண ரிஃப்ளெக்டரில பத்துக்கு எட்டு முறை பிழைக்காது. நிறமும் பாருங்கோ, 4300இல இருந்து 5000 கெல்வின் மட்டும் நல்லம், 6500க்கு மேல நீலமா அடிக்கும், மழையிலயும் மார்கழிப் பனியிலயும் கண்ணுக்கு அலுப்பு. மழை பெய்த கறுத்த கார்பெற் றோட்டில எந்த லைற்றும் பாதி லைற்தான், தண்ணி வெளிச்சத்தை முன்னுக்கே சறுக்கிவிடும், எங்களுக்குத் திரும்பி வராது, அண்டைக்கு வேகத்தைக் குறைக்கிறதை விட வேற பல்ப் இல்லை.

எச்.ஐ.டி (கம்பி இல்லாம வாயுவுக்குள்ள மின்பொறியால எரியிற பல்ப்) கிற் ஒண்டை சாதாரண ஹலஜன் லைற்றுக்குள்ள போடுற பழக்கம் இன்னும் இருக்கு, என்ர கருத்துக் கேட்டா அதை விட மோசமான வேலை இல்லை. கொம்பனியில இருந்தே எச்.ஐ.டியோட வந்த கார் எண்டால் அது வேற, அதின்ர பல்ப் பெரும்பாலும் திடீரெண்டு எரியாமப் போறதில்லை, வருசக்கணக்கில மெல்ல மெல்ல மங்கி ஊதாவாகும், சோடியா மாத்திப் பாருங்கோ புதுக் கார் மாதிரி இருக்கும். அந்தப் பல்ப்புக்குக் கரண்ட் குடுக்கிற பலஸ்ர் பெட்டியில கைவைக்காதேங்கோ, பத்த வைக்கேக்க ஆயிரக்கணக்கில வோல்ற் அடிக்கும். காசு இருக்கிற ஆக்களுக்கு நல்ல வழி லைற்றைத் திறந்து உள்ளுக்க எல்.ஈ.டி புரொஜெக்ரர் பூட்டுறது, ஆனா திறந்து ஒட்டினவர் வடிவா ஒட்டேல்லை எண்டால் கார்த்திகை மழைக்கு லைற்றுக்குள்ள மீன் வளக்கலாம்.

மேலதிக லைற் பூட்டுறதெண்டால், ஃபொக் லைற் தூரத்துக்கு ஒண்டும் செய்யாது, முதல் சொன்ன கண்மணிக் கதைதான், இன்னும் கெடுக்கும். நீட்டு எறிவான டிரைவிங் லைற் ஒரு சோடி பம்பருக்கு மேல, கூரையில இல்லை, கூரையில போட்டா பொனற்றில பட்டு உங்கட கண்ணுக்கே அடிக்கும். வயரை ஹை பீம் ரிலேயோட சேருங்கோ, டிம் பண்ண அதுவும் நூரவேணும். தனிச் சுவிச் போட்டா மறப்பீங்கள். இது சட்டப் பிரச்சினையும், மோட்டார் வாகனச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கம், 2025 தொடக்கத்தில இருந்து பொலிசும் மேலதிகச் சோடினை லைற்றுகளைக் கழட்டுறதில கொஞ்சம் இறுக்கம், பூட்ட முதல் விசாரிச்சுப்போட்டுப் பூட்டுங்கோ. கலர் கலரா மினுங்கிற சாமானுக்கு நான் வக்காலத்து வாங்கேல்லை, அதுகளைக் கழட்டினது சந்தோசம்.

டிம் பண்ணுறது எப்ப எண்டு ஒரு சண்டை எங்கட வீட்டிலயே நடக்கும், அத்தான் சொல்லுவார் சைக்கிளுக்கு டிம் தேவையில்லை எண்டு. சைக்கிளில வாறவருக்கும் கண் ரெண்டுதான், அவர் கண் கூசி றோட்டை விட்டு இறங்கினா இறங்கிறது வல்லையில தண்ணிக்குள்ள, எதிரால வாகனம் வந்தா நீங்கள் டிம் பண்ணின கையோட அவற்ற லைற்றைப் பாக்காமல் இடப்பக்கக் கரைக் கோட்டைப் பாத்துக்கொண்டு ஓடுங்கோ, ரெண்டு லைற்றும் சந்திக்கிற அந்த இடைவெளியிலதான் மாடு நிக்கும்.

இன்னொண்டு, இதுக்கு உங்கட கார் லைற்றில ஒரு வேலையும் இல்லை. எங்கட ஒழுங்கையில ஒரு லாண்ட் மாஸ்டர் ஐயா, தோட்டத்தால வர இரவாகும், பெட்டிக்குப் பின்னால லைற் பூட்டச் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துப்போச்சு. கடைசியில சிவப்பு ரிஃப்ளெக்டர் ரேப் ஒரு சுருள் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தேத்தண்ணி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பெட்டியின்ர பின் பலகையில ரெண்டு மூலையிலயும் ஒட்டிவிட்டன். முந்தி அவரைக் கிட்ட வந்துதான் காணுவன், இப்ப டிம் லைற்றிலயே ஒழுங்கை முடக்கில இருந்து தெரியுது. மிச்ச ரேப் இன்னும் காருக்குள்ள கிடக்கு, சைக்கிளுக்கு ஆரும் கேட்டா வெட்டிக் குடுக்கிறன்.